உள் வேலை

செகாம்புட்டில் காடி அறுக்கும் பட்டறை.
எஞ்சினும் கதவும் ஆண்களுக்கு.
இருக்கை, கம்பளம், கூரைத் துணி, பெல்ட் எனக்கு.
பதினொரு வருடமாக உள் வேலை.

தலையை உள்ளே விட்டால்
அந்தக் குடும்பத்தைச் சொல்லிவிடுவேன்:
திருநீற்றுப் பொட்டலம், சுருண்டுபோன டோல் ரசீது,
ஒரு கால் செருப்பு, என் கட்டைவிரல் நீளம்.

ஓட்டுகிறவரின் பெல்ட் கறுத்திருக்கும்,
கழுத்து வேர்வை குடித்து.
பின்னால் இருப்பதை இழுத்தால் கம்பெனி வாசனை.
பதினைந்து வயது மைவியில்
அது மட்டும் யாரும் கட்டாத சேலைபோல
மடிப்புக் கலையாமல்.
அதன் பூட்டைத் தேட வேண்டும்,
இருக்கை விழுங்கியிருக்கும்.

மோதலில் இழுபட்ட பெல்ட் வேறு ரகம்.
தோளருகே வளையம் உரசிய இடத்தில்
நெசவு உருகி மினுங்கும்.
திரும்பச் சுருளாது, பாதி வெளியே தொங்கும்.
அப்படி ஒன்று கைக்கு வந்தால் எனக்கு நிம்மதி.
எங்கோ ஒருவர் நெஞ்சு கன்றிப்போய்க்
கட்டிலில் கிடந்து பெல்ட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.
திட்டட்டும்.

இன்னொரு சாமானும் அகப்படும்.
வாரே இல்லாத வெறும் நாக்கு,
கத்துகிற காடியின் வாயை அடைக்க
இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு விற்பது.
ஒரு ரொட்டி டின் நிறைய வைத்திருக்கிறேன்,
எதற்கென்று எனக்கே தெரியாது.
சிலதில் பூனை படம் போட்டிருக்கும்.

போன செவ்வாய் லோகேந்திரன் என்று ஒருவர் வந்தார்.
மனைவிக்கு எட்டாம் மாதம்,
வெளியே காடியில் ஏர்கோன் போட்டு இருந்தாள்.
காராக் சாலையிலிருந்து இழுத்து வந்த வீராவில்
பிள்ளை இருக்கை ஒன்று, மேலே கீறல்கூட இல்லை.
"புதுசு அறுநூறு சொல்றான்கா. இது எவ்வளவு?"
தவுக்கே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
எட்டு விரல் காட்டினார். எண்பது.

நான் துணியைக் கழற்றினேன்.
மடிப்பில் பிஸ்கட் தூள்.
அடியில் பிளாஸ்டிக் ஓரமாக
நகத்தில் பூக்குமே, அந்த மாதிரி வெள்ளைக் கோடுகள்.
"ஒரு தடவை தாங்கிடுச்சு. இனிமேல் தாங்காது."
"அந்தப் பிள்ளை?" என்றார்.
"நல்லாயிருக்கு" என்றேன்.
எனக்கெப்படித் தெரியும்.

எழுபதுக்குக் கேட்டார்.
கையில் கத்தி இருந்தது, ஐந்து வாரையும் அறுத்துப்போட்டேன்.
அந்த எண்பது என் சம்பளத்தில் போனது.
தவுக்கே வியாழன்வரை பேசவில்லை.

கோபமாகத்தான் கிளம்பினார்.
பின்னாலேயே போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.
அவள் பெல்ட்டை வயிற்றின் மேலேயே போட்டிருந்தாள்.
கீழே இறக்கி, இடுப்பெலும்பில் உட்காரவைத்து,
மேல் வாரை மார்புகளுக்கு நடுவே விட்டேன்.
"பிள்ளைய அமுக்காதா?"
"இப்ப அமுக்கல."
அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

யாருக்குச் சொல்ல நான்?
என் மகனைச் செலாயாங் ஆஸ்பத்திரியிலிருந்து
மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்,
முன் இருக்கையில், கெப்போங்வரை அடைமழையில்.
ஒன்றும் ஆகவில்லை.
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று.
ஒன்றும் ஆகாத காடிகள்
எங்கள் பட்டறைக்கு வருவதில்லை.

நேற்று கிராப் எடுத்தேன்.
ஜாலான் ஈப்போ முழுக்கச் சிவப்பு விளக்கு.
பின் இருக்கையின் இடுக்கில் கையை விட்டேன்.
"பின்னால் எதுக்குக் காக், பக்கம்தானே" என்றார் மலாயில்.
நான் தோண்டிக்கொண்டே இருந்தேன்.
ஓர் ஐம்பது காசு. ஒரு ஹேர்பின். கச்சான் தோல்.
அப்புறம் பூட்டு.

தோளுக்கு மேலிருந்து இழுத்தேன்.
விறைப்பாக வந்தது,
கம்பெனி வாசனையோடு.